வலிப்பின் வழித்தடம்

மனிதரைத் தொடரும் நோய்களுள் வலிப்பைப் போல அச்சத்தையும் கட்டுக்கதையையும் ஒருங்கே விளைவித்த நோய் வேறொன்று இருத்தல் அரிது. சற்று முன்வரை நம்மோடு பேசிக்கொண்டிருந்தவர் திடீரென நினைவிழந்து வீழ்கிறார். கைகால்கள் விறைக்கின்றன, பின்பு வெட்டி வெட்டி இழுக்கின்றன, வாயில் நுரை தள்ளுகிறது. சில நிமிடங்களில் எல்லாம் அடங்கிவிடுகிறது. கண் விழித்தவர், சூழ நிற்போரைப் பார்த்து என்ன நடந்தது என்று வினவுகிறார். இக்காட்சியைக் கண்ட பழங்கால மக்கள் இதற்குக் காரணம் உடலுக்கு வெளியே இருப்பதாகவே எண்ணினர். பேய் என்றனர் சிலர். தெய்வக் குற்றம் என்றனர் சிலர். பண்டைக் கிரேக்கர் இதனைத் தெய்விக நோய் என்றே அழைத்தனர்.

மாணவ நண்பர்களே! அந்த எண்ணம் மாறிய வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். மூன்று கேள்விகள் அவ்வரலாற்றை நடத்திச் சென்றன. வலிப்பு மூளையில் எங்கே தொடங்குகிறது? தொடங்கிய இடத்திலிருந்து எவ்வழியே பரவுகிறது? ஒருமுறை வந்த வலிப்பு, அடுத்த முறை வருவதற்குத் தானே வழி வகுத்துக்கொள்கிறதா? இம்மூன்றுக்கும் கிடைத்த விடைகளிற் பெரும் பகுதி ஆடு, முயல், நாய், குரங்கு, பூனை, எலி ஆகிய வாயில்லா உயிர்களிடமிருந்து கிடைத்தவை. அவ்விடைகளைத் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும்: வலிப்பு வெளியிலிருந்து வருவதன்று, அது மூளைக்குள்ளேயே பிறந்து, மூளை தன் அன்றாட வேலைக்கு வகுத்துக்கொண்ட பாதைகளிலேயே நடந்து செல்கிறது.

இவ்வுண்மையின் முதல் விதை ஓர் ஆட்டின் தலையில் கிடைத்தது எனலாம். ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முன்னர், ஹிப்பாக்கிரட்டீஸ் என்னும் கிரேக்க மருத்துவரின் பெயரால் வழங்கும் நூல்களுள் ஒன்று வலிப்பைப் பற்றி எழுதப்பட்டது. மற்ற நோய்களைவிட இந்நோய் எவ்வகையிலும் தெய்வத்தன்மை மிக்கதன்று. இதன் இருப்பிடம் மூளையே என்று அந்நூல் வாதிடுகிறது. இதற்குச் சான்றாக அது ஆட்டைக் காட்டுகிறது. வலிப்பு நோயால் வருந்திய ஆட்டின் தலையைப் பிளந்து பார்த்தால் மூளை நீர் கோத்துத் தீநாற்றம் வீசக் காணலாம். அவ்வுயிரைக் கெடுத்தது தெய்வமன்று, நோயே என்பது அதனால் விளங்கும் என்கிறது அந்நூல். ஆடு எந்தத் தெய்வத்திற்கு என்ன பிழை செய்திருக்கக்கூடும்? மனிதனைப் பற்றிய மயக்கத்தைத் தெளிவிக்க விலங்கைப் பார்த்த அறிவு போற்றத்தக்கது. ஆயினும் அக்கருத்து நெடுங்காலம் வளர்ச்சியின்றியே கிடந்தது. மூளையை ஆராய்வதற்கு வேண்டிய கருவி அன்று மனிதன் கையில் இல்லை.

அக்கருவி மின்சாரம். 1831-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே காந்தத்தினால் மின்னோட்டத்தைத் தூண்டலாம் என்று கண்டார். இக்கண்டுபிடிப்பிலிருந்து பிறந்த கருவியை இலண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த ராபர்ட் பென்ட்லி டாட் என்னும் மருத்துவர் கையாண்டார். முயலின் மூளையில் வெவ்வேறு பகுதிகளுக்கு மின்னோட்டத்தைச் செலுத்தியபோது வெவ்வேறு வகையான வலிப்பு உண்டாவதைக் கண்டு, 1849-ஆம் ஆண்டில் தாம் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் அதனை அறிவித்தார். மூளையில் மின்னாற்றல் போன்ற ஒரு சக்தி தேங்கித் தேங்கிப் பின் சட்டென்று வெளிப்படுவதே வலிப்பு என்பது அவர் கருத்து. அக்காலத்தவர் அதனைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. காலத்திற்கு முந்திப் பிறந்த கருத்துகளுக்கு நேரும் கதி அது.

அடுத்து வந்தவர் ஜான் ஹ்யூலிங்ஸ் ஜாக்ஸன். இவர் விலங்குகளை ஆராய்ந்தவரல்லர். இலண்டன் மருத்துவமனையில் நோயாளியின் படுக்கையருகே பொறுமையோடு அமர்ந்து பார்த்தவர். சிலருக்கு வலிப்பு உடல் முழுவதும் ஒரே நேரத்தில் வருவதில்லை என்பதை அவர் கவனித்தார். கட்டை விரலிலோ சுட்டு விரலிலோ துடிப்புத் தொடங்கும், பின்பு கை, முழங்கை, தோள் என ஏறும், முகத்திற்குச் செல்லும், காலுக்கு இறங்கும். வேறு சிலருக்கு வாயின் ஓரத்தில் தொடங்கும். இன்னும் சிலருக்குக் காலின் பெருவிரலில் தொடங்கும். ஊர்வலம் தெருத் தெருவாகச் செல்வது போல வலிப்பும் ஓர் ஒழுங்கோடு செல்கிறது. ஆகவே, உடலின் உறுப்புகளுக்கு மூளையின் மேற்புறணியில் தனித்தனி இடங்கள் இருத்தல் வேண்டும். வலிப்பு ஓரிடத்தில் தோன்றி அடுத்தடுத்த இடங்களுக்குப் பரவுதல் வேண்டும் என்று அவர் ஊகித்தார். மூளையின் சாம்பல் நிறப் பகுதியில் எப்போதாவது, திடீரென, அளவுக்கு மீறி, வெகு விரைவாக நிகழும் ஓரிட வெளிப்பாடே வலிப்பு என்று 1873-இல் அதற்கு இலக்கணமும் வகுத்தார். மண்டையோட்டைத் திறவாமலே, விரலின் துடிப்பைக் கொண்டு மூளையின் வரைபடத்தை வரைந்தவர் அவர்.

ஊகம் எவ்வளவு கூர்மையாயினும் சோதனை வேண்டுமன்றோ? அச்சோதனை ஜெர்மனியில் நிகழ்ந்தது. 1870-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் குஸ்தாவ் ஃப்ரிட்ஷ், எடுவார்ட் ஹிட்ஸிக் என்னும் இளைஞர் இருவர், தக்க ஆய்வுக்கூடம் கிடைக்காமையால் வீட்டிலேயே நாய்களின் மூளையை ஆராய்ந்தனர். நாக்கின் நுனியில் வைத்தால் சிறிதே உறைக்கும் அளவுள்ள மெல்லிய மின்னோட்டத்தை மூளையின் முற்பகுதியில் ஓரிடத்தில் செலுத்தினர். நாயின் எதிர்ப்புறத்து முன்னங்கால் அசைந்தது. மின்முனையைச் சற்று நகர்த்தினர், பின்னங்கால் அசைந்தது. மூளையின் மேற்புறணியைத் தூண்டினால் ஒன்றும் நிகழாது என்று அதுவரை பெரியோர் கொண்டிருந்த கொள்கை அன்றோடு வீழ்ந்தது. நமது பொருளுக்கு இன்றியமையாத மற்றொன்றையும் அவர்கள் கண்டனர். தூண்டுதலை நிறுத்திய பின்னும் சில நாய்களில் துடிப்பு நிற்கவில்லை. ஒரு பக்கத்துத் தசைகளில் தொடங்கிய அது உடல் முழுவதும் பரவி, உண்மையான வலிப்பாகவே முடிந்தது.

இச்செய்தி இங்கிலாந்தை எட்டியது. டேவிட் ஃபெரியர் என்னும் மருத்துவர் வேக்ஃபீல்டு நகரத்து மனநோய் மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் 1873-இல் தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். ஜாக்ஸனின் ஊகம் மெய்யா, பொய்யா என்று காண்பதே அவருடைய நோக்கங்களுள் ஒன்று. நாய், பூனை, முயல் ஆகியவற்றை முதலிலும் குரங்கைப் பின்னரும் அவர் ஆராய்ந்தார். மெல்லிய மின்னோட்டத்தால் ஒரு விரல் மடங்கியது. ஒரு கண் திரும்பியது. மின்னோட்டத்தைச் சற்று மிகுத்து, சற்று நீட்டித்தபோது அதே விரலில் தொடங்கிய துடிப்பு, ஜாக்ஸன் நோயாளிகளிடம் கண்ட அதே வரிசையில் ஏறிச் சென்றது. முதற் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. வலிப்புக்குத் தொடக்க இடம் உண்டு. அவ்விடத்தை உடலின் துடிப்பே காட்டிக்கொடுக்கும்.

அவ்விடையின் பயன் மனிதருக்கு வந்து சேர்ந்ததும், அதற்கு எதிர்ப்பு எழுந்ததும் ஏறத்தாழ ஒரே காலத்தில்தான். 1881 ஆகஸ்டில் இலண்டனில் உலக மருத்துவ மாநாடு கூடிற்று. ஃபெரியர் அங்கே ஒரு குரங்கைக் கொண்டுவந்து காட்டினார். அதன் மூளையில் ஒரு பக்கத்து இயக்கப் பகுதி பல மாதங்களுக்கு முன் நீக்கப்பட்டிருந்தது. எதிர்ப்பக்கத்துக் கைகால் செயலிழந்திருந்தன. அது நொண்டி நடந்து வந்ததைக் கண்ட பிரெஞ்சு மருத்துவ மேதை ஷார்க்கோ, பக்கவாத நோயாளியையே காண்பதாக வியந்தாராம். அதே ஆண்டு நவம்பரில், உயிர்களை அறுத்து ஆராய்வதை எதிர்த்த சங்கத்தார், 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் பெறாமல் அறுவை செய்தார் என்று ஃபெரியர் மீது வழக்குத் தொடுத்தனர். அறுவை செய்தவர் உரிமம் பெற்றிருந்த அவருடைய தோழர் ஜெரால்டு யோ என்பது தெரிந்தமையால் வழக்குத் தள்ளுபடியாயிற்று. ஐந்தாண்டுகளுக்குள், 1886 மே 25-ஆம் நாள், விக்டர் ஹார்ஸ்லி என்னும் அறுவை மருத்துவர் 22 வயது இளைஞர் ஒருவரின் மண்டையைத் திறந்து, சிறுவயதில் பட்ட காயத்தால் மூளையில் ஏற்பட்டிருந்த வடுவை அகற்றினார். ஹார்ஸ்லி தாமே குரங்கின் மூளையை நுணுகி ஆராய்ந்தவர். அறுவை நிகழ்ந்தபோது ஜாக்ஸனும் ஃபெரியரும் அருகில் நின்றனர். படுக்கையருகே பிறந்த ஊகமும் குரங்கிடம் கண்ட சான்றும் ஒரு மனிதனின் நலத்திற்காக ஒன்று சேர்ந்தன.

வலிப்பை உடலின் துடிப்பால் அறிவது ஒன்று. மூளையின் மின்னலைகளையே நேரிற் காண்பது வேறொன்று. 1875-இல் லிவர்ப்பூல் நகரத்து ரிச்சர்டு கேட்டன், முயல், குரங்கு ஆகியவற்றின் மூளையில் மெல்லிய மின்னோட்டம் ஓடுவதை, மின்மானியிலிருந்து சுவரில் விழுந்த ஒளிப்புள்ளியின் அசைவால் கண்டார். 1914-இல் போலந்து நாட்டு அறிஞர் நெப்போலியன் சிபுல்ஸ்கியும் அவருடைய துணைவரும் வலிப்பின்போது நாயின் மூளையில் எழும் மின்னலைகளைப் படமெடுத்து வெளியிட்டனர். மனிதனின் மூளையலைகளை ஹான்ஸ் பெர்கர் 1924-இல் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். அதன்பின், கண்ணுக்குப் புலனாகாத வலிப்பும் காகிதத்தில் கோடாக எழுதப்பட்டது. வகுப்பில் ஒரு குழந்தை சில விநாடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு மீண்டும் எழுதத் தொடங்குகிறதே, அதுவும் ஒருவகை வலிப்பு என்பதும், அப்போது மூளையில் விநாடிக்கு மூன்று வீதம் கூரிய அலைகள் எழுகின்றன என்பதும் 1935-இல் தெளிவாயின. இதனை ஆசிரியர்கள் அறிதல் மிகவும் நன்று. கவனக்குறைவு என்று நாம் கருதிக் கடிந்துகொள்ளும் குழந்தைகளுள் இத்தகைய நோயுடையோரும் இருக்கக்கூடும்.

இனி இரண்டாம் கேள்விக்கு வருவோம். வலிப்பு எவ்வழியே பரவுகிறது? நம் மூளை இரு பாதிகளாக உள்ளது. அவ்விரண்டையும் இணைக்கும் நரம்பிழைகளின் கட்டு, ஆற்றின் இரு கரைகளையும் இணைக்கும் பாலம் போன்றது. 1940-இல் எரிக்ஸன் என்னும் ஆராய்ச்சியாளர் குரங்குகளில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். மூளையின் ஒரு பாதியில் எழுப்பிய வலிப்பலை மறு பாதிக்கு இப்பாலத்தின் வழியே செல்வதைக் கண்டார். பாலத்தை அறுத்துவிட்டால் அது மறுபக்கம் செல்வது தடைப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் வான் வேகனன் என்னும் மருத்துவர், மருந்துக்கு அடங்காத வலிப்புடையோர் சிலருக்கு இவ்விணைப்பை அறுத்த செய்தியை வெளியிட்டார். கட்டியினால் இவ்விணைப்பு அழிந்த நோயாளிகளுக்கு உடல் முழுவதும் பரவும் வலிப்புக் குறைந்திருந்ததை அவர் முன்னரே கவனித்திருந்தார். இவ்வகை அறுவை பிற்காலத்தில் ஸ்பெர்ரி என்பாரின் ஆராய்ச்சிக்கு இடமளித்து, 1981-இல் நோபெல் பரிசு வரை சென்றது தனிக்கதை.

இவ்வாராய்ச்சியில் எதிர்பாராத ஒரு புதையலும் கிடைத்தது. பிரேசில் நாட்டு இளைஞர் அரிஸ்திதஸ் லியாவோ, வலிப்பு பரவும் விதத்தை முயல் மூளையில் அளக்க எண்ணி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முயன்றார். அவர் எதிர்பார்த்தது மின்புயல், கண்டதோ பேரமைதி. மின்னலைகள் அடங்கிப்போன ஒரு நிலை, தூண்டிய இடத்திலிருந்து நிமிடத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வேகத்தில் மெல்ல மெல்லப் படர்ந்தது. தவறிப்போன சோதனை என்று அவர் அதனை ஒதுக்கிவிடவில்லை. 1944-இல் அதனை விரிவாக எழுதி வெளியிட்டார். ஒற்றைத் தலைவலிக்கு முன் சிலர் கண்ணில் தோன்றும் ஒளிக்கோடுகளை விளக்க இன்று உதவுவது அக்கண்டுபிடிப்பே. தேடியது கிடைக்காதபோது, கிடைத்தது எது என்று பார்க்கும் பழக்கம் மாணவர்களுக்கு வேண்டும்.

வலிப்பு பரவுகிறது என்றால், எப்போதும் பரவாமல் அதனைத் தடுத்து நிறுத்துவது எது? இங்கே பென்சிலின் வந்து உதவிற்று. உயிர் காக்கும் அம்மருந்தை நேரே மூளையின் மேற்பரப்பில் இட்டால் வலிப்பு உண்டாகும் என்பது 1945-இல் வெளிப்பட்டது. ஆராய்ச்சியாளர்கள் அதனையே கருவியாகக் கொண்டனர். பூனையின் மூளையில் ஒரு சிறு புள்ளியில் பென்சிலினை இட்டு, மயிரினும் நுண்ணிய மின்முனைகளால் தனித்தனி நரம்பணுக்களை உற்றுநோக்கினர். புள்ளியின் நடுவே இருந்த அணுக்கள் யாவும் ஒரே குரலில் கூவுவது போல ஒருங்கே வெடித்தன. ஆனால் புள்ளியைச் சூழ்ந்திருந்த அணுக்கள் பலவும் அந்நேரத்தில் வாய் மூடிக் கிடந்தன என்று 1967-இல் பிரின்ஸ், வைல்டர் ஆகியோர் கண்டனர். அவ்வணுக்கள் செயலற்றுப் போனவையல்ல, தடுத்து நிறுத்தப்பட்டவை. மூளையில் தூண்டும் அணுக்கள் இருப்பது போலவே அடக்கும் அணுக்களும் உண்டு. அவை வலிப்பின் பிறப்பிடத்தைச் சுற்றி வேலி கட்டி நிற்கின்றன. வயலில் பாயும் நீரை வரப்பு தடுப்பதற்கு இதனை ஒப்பிடலாம். நீர் வரப்புக்குள் நிற்கும்வரை துடிப்பு ஒரு விரலோடு நிற்கும். வரப்பு உடைந்தால் அடுத்த வயலும் நிறையும். எலி இனத்தின் மூளைச் சீவல்களை ஒளிப்படக் கருவியால் ஆராய்ந்தோர், இவ்வரப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைவதால் வலிப்பு படிப்படியாக முன்னேறுவதை 2006-இல் காட்டினர். நோயாளிகளின் மூளையிலும் இதற்கொத்த சான்றுகள் 2012-இல் கிடைத்தன.

மூன்றாம் கேள்விதான் மிகவும் ஆழமானது. வில்லியம் கவர்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் 1881-ஆம் ஆண்டிலேயே, ஒவ்வொரு வலிப்பும் அடுத்த வலிப்பு வருவதை எளிதாக்குகிறது என்று தம் நூலில் எழுதினார். அது மெய்யா? சோதித்தறிய எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பிடித்தன. சோதித்தவரும் வலிப்பைத் தேடிச் சென்றவரல்லர்.

கனடா நாட்டில் கிரகாம் காடார்டு என்னும் உளவியல் அறிஞர், எலிகள் எவ்வாறு கற்கின்றன என்பதை ஆராய்ந்துகொண்டிருந்தார். மூளையின் ஆழத்தில் வாதுமைக் கொட்டை வடிவில் அமைந்துள்ள அமிக்டலா என்னும் பகுதியில் மெல்லிய கம்பியைப் பொருத்தி, நாள்தோறும் ஒருமுறை சிறிதளவு மின்னோட்டத்தைச் செலுத்தினார். முதல் நாள் எலியிடம் வலிப்பின் அறிகுறி எதுவும் இல்லை. சில நாட்கள் சென்றபின் முகம் துடித்தது. பின்பு தலை அசைந்தது. பின்பு முன்னங்கால் துடித்தது. ஏறத்தாழ இரண்டு வாரங்களில், முதல் நாளில் ஒன்றும் செய்யாத அதே அளவு மின்னோட்டத்திற்கு எலி பின்னங்கால்களில் எழுந்து நின்று துடித்து வீழ்ந்தது. மின்னோட்டம் மாறவில்லை, மூளை மாறிவிட்டது. 1967-இல் இதன் முதற் செய்தி வெளிவந்தது. 1969-இல் வெளியிட்ட விரிவான கட்டுரையில் காடார்டும் அவருடைய துணைவரும் இதற்குத் தீமூட்டல் என்னும் பொருள் தரும் கிண்ட்லிங் என்னும் பெயரை வழங்கினர். பெருங்கட்டையில் தீக்குச்சியை வைத்தால் பற்றாது; சுள்ளியில் தொடங்கிப் படிப்படியாகச் சென்றால் பற்றும். பொருத்தமான பெயரே. இப்படிகளை ரொனால்டு ரேஸின் என்பார் 1972-இல் ஐந்து நிலைகளாக வகுத்தார். வாயும் முகமும், தலை, முன்னங்கால், எழுந்து நிற்றல், வீழ்தல் என்னும் அவ்வரிசை இன்றும் ஆய்வுக்கூடங்களில் வழங்குகிறது.

ஐயுற்றுக் கேட்பது மாணவர் கடமை. கம்பி குத்திய காயத்தால் வலிப்பு வந்திருக்கலாகாதா? கம்பி பொருத்தி மின்னோட்டம் செலுத்தாத எலிகளுக்கு வலிப்பு வரவில்லை. மின்னோட்டத்தின் மொத்த அளவு காரணமாகலாகாதா? ஒரே நாளில் சில நிமிட இடைவெளியில் பலமுறை தூண்டியபோது தீ எளிதில் மூளவில்லை. நாளுக்கு ஒன்றாக இடைவெளி விட்டபோதுதான் மூண்டது. சில வாரங்கள் ஓய்வு கொடுத்தால் மறைந்துவிடுமா? மறையவில்லை, ஓய்வுக்குப்பின் ஓரிரு தூண்டுதல்களிலேயே முழு வலிப்பும் திரும்பிற்று. ஒரு பக்கத்து அமிக்டலாவில் மூட்டிய பின், மறுபக்கத்து அமிக்டலாவில் மூட்டுவது விரைவாக முடிந்தது. ஆகவே மாற்றம் கம்பியின் நுனியோடு நிற்கவில்லை. தொலைவிலுள்ள நரம்பிணைப்புகளையும் அது தொட்டிருந்தது. புல்வெளியில் ஒருமுறை நடந்தால் தடம் தெரியாது; நாள்தோறும் நடந்தால் ஒற்றையடிப் பாதை விழும்; பிறகு நடப்பவர் கால்கள் தாமே அப்பாதையை நாடும். வலிப்பும் அவ்வாறே தன் தடத்தை ஆழப்படுத்திக்கொள்கிறது.

இங்கே நாம் சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரே நாளில் நூறுமுறை படிப்பதைவிட நாளுக்குச் சிறிதாக இடைவிட்டுப் படித்தால் பாடம் நிலைக்கும் என்று ஆசிரியர்கள் சொல்லுவோம். தீமூட்டலும் அதே முறையைக் கேட்கிறது. 1973-இல் முயலின் மூளையில் பிளிஸ், லோமோ என்னும் இருவர், நரம்பிணைப்புகள் பயன்படுத்தப் பயன்படுத்த வலிமை பெறுவதைக் காட்டினர். கற்றலுக்கு அடிப்படை என்று இன்று கருதப்படும் அம்மாற்றத்தில் பங்கு கொள்ளும் சில மூலக்கூறுகளை மருந்தால் தடுத்தால் தீமூட்டலும் தாமதப்படுகிறது என்பது பின்னர்த் தெரியவந்தது. கற்கும் ஆற்றலையும் வலிப்பு வேரூன்றும் வாய்ப்பையும் மூளை ஒரே கருவியால் பெற்றிருக்கிறது. வலிப்பு நோய் அறிவின் பகை என்று எண்ணுவோர் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.

இவையெல்லாம் மருந்தாக மாறினவா என்று நீங்கள் கேட்கலாம். 1937-இல் பாஸ்டன் நகரில் புட்னம், மெரிட் என்னும் இருவர், பூனைக்கு எவ்வளவு மின்னதிர்ச்சி கொடுத்தால் வலிப்பு வரும் என்று அளந்து, அவ்வளவை உயர்த்தும் மருந்துகளைத் தேடினர். 1908-இலேயே உருவாக்கப்பட்டுப் பயனின்றிக் கிடந்த ஃபெனிட்டாயின் என்னும் பொருள் அச்சோதனையில் வென்றது. 1938-இல் நோயாளிகளுக்கு அது பயன்பட்டமை அறிவிக்கப்பட்டது. அன்றுவரை வழங்கிய மருந்துகள் போல மிகுந்த தூக்கம் தராமல் வலிப்பை அடக்கியது அதன் சிறப்பு. ஆனால் இயல்பான மூளைக்கு அதிர்ச்சி கொடுத்துச் சோதிக்கும் இம்முறை எல்லா மருந்துகளையும் கண்டறியப் போதவில்லை. லெவெட்டிரசெட்டம் என்னும் மருந்து அப்பழைய சோதனைகளில் தோற்றுவிட்டது. தீமூட்டல் முறையில் வலிப்புப் பழகிய விலங்குகளிலோ வென்றது. 1999-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அது இன்று உலகெங்கும் வழங்குகிறது. இயல்பான மூளையும் வலிப்பால் மாறிய மூளையும் ஒன்றல்ல என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்வாராய்ச்சியில் நம் தென்னாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. தலையில் வெந்நீரை மொண்டு மொண்டு ஊற்றிக் குளிக்கும்போது சிலருக்கு வரும் வெந்நீர் வலிப்பு, தென்னிந்தியாவில், சிறப்பாகக் கர்நாடகத்தில், மிகுதியாகக் காணப்படுவது. இதனை 1960-களிலிருந்து நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் விளக்கி எழுதினர். பெங்களூரிலுள்ள தேசிய மனநல நரம்பியல் நிறுவனத்தார் எலிகளின் தலையில் வெந்நீர் செலுத்தி இந்நோயின் போக்கை ஆராய்ந்து 1990-களில் வெளியிட்டனர். மீண்டும் மீண்டும் ஏறும் வெப்பமும் ஒருவகைத் தீமூட்டலாகுமோ என்னும் கேள்வி அவ்வாராய்ச்சியிலிருந்து எழுந்தது. இந்நோயுடையோர் சிலருக்குக் குளிக்கும் நீரின் சூட்டைக் குறைப்பதே நல்ல மருந்தாகிவிடுகிறது.

இனி ஓர் எச்சரிக்கை. எலிக்குக் கண்டதையெல்லாம் மனிதனுக்கு அப்படியே ஏற்றிச் சொல்லலாகாது. எலியில் இரண்டு வாரத்தில் மூளும் தீ, குரங்கில் மூளப் பல மாதங்கள் பிடிக்கின்றன. மனித மூளையில் வலிப்பு இவ்வாறே மூட்டப்படுகிறது என்பது நிறுவப்படவில்லை. முதல் வலிப்பு வந்தவுடனே மருந்து தொடங்குவதா, சற்றுப் பொறுப்பதா என்று பிரிட்டன் முதலிய நாடுகளில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2005-இல் வெளிவந்தது. உடனே தொடங்கினால் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வலிப்புக் குறைகிறது. ஆனால் நெடுங்காலத்தில் இரு சாராரின் நிலையும் ஏறத்தாழ ஒன்றே என்றது அது. ஒருமுறை வலிப்பு வந்தவர் வாழ்நாள் முழுவதும் நோயாளியாவார் என்று எவரும் அஞ்ச வேண்டுவதில்லை.

மற்றொன்றும் சொல்லாமல் விடலாகாது. இவ்வறிவுக்கு விலையாக எத்தனையோ உயிர்கள் வருந்தின. ஃபெரியரை நீதிமன்றத்திற்கு இழுத்தவர்களின் கருணையை நான் எள்ளி நகையாட மாட்டேன். நம் நாட்டில் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் மாநிலங்கள் அவையில் எழுப்பிய குரலின் பயனாக 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் குழுவுக்கும் அச்சட்டம் வழி செய்தது. வேண்டாத வருத்தத்தைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்க இயலாத சோதனையின் பயனை வீணாக்கவும் கூடாது. இவ்விரண்டும் ஒரே அறத்தின் இரு பகுதிகள் என்பது என் கருத்து.

பயனை வீணாக்கலாகாது என்று நான் சொல்லக் காரணம் உண்டு. ஆட்டின் தலையில் தொடங்கி எலியின் மூளை வரை வந்த இவ்வறிவு நம் தெருவுக்கு இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. நான் ஆசிரியப் பணியாற்றிய ஆண்டுகளில், வலிப்பு வந்த பிள்ளையின் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க ஓடியவர்களை ஒருமுறையன்று, பலமுறை கண்டிருக்கிறேன். இரும்பு பட்டதும் வலிப்பு நின்றது என்பார்கள். வலிப்பு பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானே நிற்கும் இயல்புடையது; சாவி தேடி வருவதற்குள் அது நிற்கும் நேரமும் வந்துவிடுகிறது. மூளைக்குள் ஓடும் மின்னலையை உள்ளங்கையில் வைத்த இரும்பு எவ்வாறு தடுக்கும்? செய்ய வேண்டியவை எளியவை. அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றுங்கள்; தலைக்கடியில் மெத்தென ஏதேனும் வையுங்கள்; இறுகிய ஆடையைத் தளர்த்தி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்; வாயில் எதையும் திணிக்காதீர்கள்; துடிக்கும் கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள்; கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

அறியாமை தெருவில் மட்டும் இருந்ததில்லை; சட்டத்திலும் இருந்தது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அடிக்கடி வலிப்பு வருவோர் இந்து திருமணச் சட்டத்தின்கீழ் மணம் புரியத் தகுதியற்றவர் ஆயினர். 1999-இல்தான் அச்சொல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. மூளையில் ஒரு மின்னலை வரப்பைத் தாண்டியதற்காக ஒருவருடைய வாழ்வையே விலக்கி வைத்திருந்தோம். சட்டத்திலிருந்து போன சொல் வீடுகளிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் போக வேண்டும். உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு. தக்க மருத்துவம் கிடைத்தால் அவர்களுள் நூற்றுக்கு எழுபதின்மர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

மாணவர்களே! வலிப்பு எங்கே தொடங்கும், எவ்வழியே செல்லும், எவ்வாறு தடம் பதிக்கும் என்பவற்றை இப்போது ஓரளவு அறிந்தீர்கள். உங்கள் வகுப்பில் ஒரு தோழன் வீழ்ந்தால் விலகி ஓடாதீர்கள். அருகில் அமர்ந்து, அவன் கண் விழிக்கும்வரை காத்திருந்து, நடந்ததை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள். மறுநாள் அவனுக்குப் பக்கத்திலேயே உட்காருங்கள்.